வாங்காதீங்க என்று சொன்ன புரோக்கர்

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் முத்துமணிக்குத் தரப் பரிசோதனை வேலை. கரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பதினொரு வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறியாகிவிட்டது. ஐந்தாவது வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போடக் கூடாது என்று கொடியை அறுத்துவிட்ட அன்றைக்குத்தான், சொந்த வீடு வாங்கிவிடுவது என்று அவளும் கணவன் பூபதியும் முடிவு செய்தார்கள்.

அந்தக் கம்பெனியில் வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே புரோக்கரிடம்தான் போவார்கள். பெயர் ஹரீஷ்குமார். ஷிப்ட் சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணனின் மச்சினன். பாகலூர் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். முத்துமணியை உட்காரச் சொல்லிவிட்டு அவன் பூபதியிடமே பேசினான்.

"கெலவரப்பள்ளி போற வழியில புது வீடு ஒண்ணு இருக்குதுங்கண்ணா. ரெண்டு பார்ட்டி கேட்டுட்டு இருக்காங்க. இன்னிக்கே டோக்கன் போட்டா உங்களுக்கு முடிச்சிரலாம்."

"மூலப்பத்திரம் பாக்கணுங்க" என்றாள் முத்துமணி.

"அதெல்லாம் வக்கீல் பாத்தாச்சுங்கக்கா. அண்ணனுக்குப் புரியும்."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் மனைவியைப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அவள். "இதுவரைக்கும் யாருகிட்டயாவது, இந்த வீட்ட வாங்காதீங்கன்னு சொல்லியிருக்கீங்களா?"

ஹரீஷ்குமார் சிரித்தான். "அப்படிச் சொன்னா நான் எப்படிக்கா பொழைக்கறது?"

முத்துமணி எழுந்துகொண்டாள்.

மறுநாள் கேன்டீனில் சென்னகிருஷ்ணன் அவள் மேசைக்கே வந்தார். "என் மச்சினனையே கேள்வி கேட்டியாமே?"

"கேட்டேன் சார். பதில் சரியில்ல."

அடுத்த வாரம் அவளைப் பரிசோதனையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்யும் வேலை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தவளிடம் பூபதி மெதுவாகச் சொன்னான். "அந்தாள்கிட்டயே வாங்கிட்டாத்தான் என்ன? எதுக்கு வம்பு?"

"கால் வலிச்சா தைலம் தேச்சுக்கலாம். வீடு தப்பாப் போனா என்னத்தத் தேக்கறது?"

பேக்கிங்கில் கூட வேலை செய்த சரிதாதான் ரூபாவின் நம்பரைக் கொடுத்தாள். ரூபா முன்பு கார்மென்ட்ஸில் இருந்தவள். இப்போது ஸ்கூட்டியில் சுற்றி வீடு காட்டுகிறாள், ஆபீஸ் கிடையாது. முத்துமணி அதே கேள்வியைக் கேட்டாள். ரூபா கொஞ்சம் யோசித்தாள்.

"போன மாசம் மூணு பேருகிட்ட சொன்னேன். ஒருத்தரு கோவிச்சிக்கினு வேற புரோக்கர்கிட்ட போயி அதையே வாங்கிட்டாரு. நான் வாங்கறவங்ககிட்ட மட்டுந்தான் கமிஷன் வாங்குவேன். விக்கறவங்ககிட்டயும் வாங்குனா வாயத் தொறக்க முடியாதுக்கா."

கெலவரப்பள்ளி வழி வீட்டைப் பற்றி முத்துமணி சொன்னதும், ரூபா சர்வே நம்பரை விசாரித்து நில அளவை வரைபடத்தை எடுத்து வந்தாள். இருவரும் அந்த வீட்டின் பின்புறம் நின்று பார்த்தார்கள். "சமையல்கட்டு பூரா வாய்க்கால் புறம்போக்குல நிக்குது. என்னிக்காவது இடிப்பாங்க. வாங்காதீங்கக்கா."

மறுநாள் மதியம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முத்துமணி அந்த வரைபடத்தைக் கேன்டீன் மேசையில் விரித்தாள். லேத் பிரிவில் இருந்த சுரேந்தர் அதே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தான். அவன் தட்டை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தான். கை கழுவக்கூட எழுந்திருக்கவில்லை.

சென்னகிருஷ்ணன் வேகமாக வந்தார். "இது கம்பெனி. இங்க வீட்டுப் பேச்சு வேணாம்."

"நீங்கதான சார் இங்க வெச்சு ஆரம்பிச்சீங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். யாரும் எழுந்து போகவில்லை. அவர்தான் போனார். சுரேந்தர் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அந்த வாரமே நாலு பேர் ரூபாவின் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள்.

ரூபா ஏழு வீடு காட்டினாள். அதில் மூன்றை அவளே வேண்டாம் என்றாள். எட்டாவது, ராயக்கோட்டை ரோட்டுச் சந்தில் ஒரு சின்ன வீடு. வெளிச்சம் குறைவுதான், ஆனால் முப்பது வருடத்துப் பத்திரமும் வில்லங்கமில்லாமல் இருந்தது. அதையே பேசி முடித்தார்கள்.

முத்துமணி இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறாள். பதிவு நாளுக்கு லீவ் எழுதும்போது சொந்த வேலை என்று போட்டால் போதும் என்றாள் சரிதா. முத்துமணி கேட்கவில்லை. காரணம் என்ற இடத்தில் 'வீடு பதிய' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சென்னகிருஷ்ணன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போடும்வரை அங்கேயே நின்றாள்.