மூடிவைத்த தட்டு

மாஸ்டருக்குத் தனியாகச் சாப்பிட வராது. வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் யாராவது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார்கள். இரவானால் எதிர் நாற்காலியில் மனைவி உட்கார்ந்து தெருக்கதை முழுவதையும் சொல்வாள். அந்தப் பேச்சைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டே பழகிவிட்ட வயிறு அது. அவள் போன பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முதல் வாய் தொண்டையிலேயே நின்றது.

உறவுக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனார். அவர் தலை தெரிந்ததும் பேச்சு அடங்கிவிடும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தைச் சரிசெய்துகொள்வார்கள். போகிற வீட்டிலெல்லாம் எழவைத் தோளில் சுமந்துபோய் இறக்கிவைப்பது போல அவருக்கே கூச்சமாக இருந்தது. நாளடைவில் போவதை நிறுத்தினார். கன்னம் ஒட்டியது. சட்டை அவரை மாட்டிக்கொண்டு போவது போல ஆயிற்று.

கப்பல் பயணம் அவளுடைய ஆசை. இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து, அவள் புதுச் செருப்புகூட வாங்கி வைத்திருந்தாள். மகள் அந்த டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

"போயிட்டு வாங்கப்பா. இங்க உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்குக் கடலையாவது பாருங்க."

கப்பலில் தனி மேசை கிடையாது. முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். பயணம் முடியும்வரை அதே மேசை, அதே முகங்கள். மாஸ்டருக்கு விழுந்தது சமையலறைக் கதவோரம் இருந்த வட்ட மேசை. முதல் இரவு அவர் போனபோது அங்கே ஏற்கனவே மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கனத்த உடம்புக்காரர், பேக்கரி வைத்திருந்து மூடியவர். மற்ற இருவரும் பெண்கள்: பெண்களுக்குத் துணி தைத்துக்கொடுக்கும் டெய்லரம்மா, அவர் கணவரின் தங்கை. கணவர் காலமான பிறகு நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில், ஓயாமல் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு, ஒருவரை விட்டு ஒருவர் நகராமல் இருப்பவர்கள்.

மாஸ்டர் உட்கார்ந்தார். டிக்கெட்டில் இருவர் என்பதால் அவருக்குப் பக்கத்திலும் ஒரு தட்டு, மடித்த துணி, டம்ளர்.

"அம்மா வரலையா சார்?" என்று கேட்டார் பரிமாறுகிற மீசைக்காரர்.

உள்ளதைச் சொல்லத்தான் மாஸ்டர் வாயைத் திறந்தார். மூன்று தலைகளும் பாதிச் சிரிப்போடு நிமிர்ந்தன. அடுத்த நொடி அந்த முகங்கள் என்ன ஆகும் என்று அவருக்கு மனப்பாடம்.

"ரூம்ல படுத்திருக்கா. தலை சுத்துதாம்."

அவ்வளவுதான். "அய்யோ, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார் நாத்தனார். "அண்ணிக்குத்தான் ஒண்ணுமே ஆகல. வீட்டுலயே எப்பவும் ஆடிக்கிட்டு இருக்கிறவங்களுக்குக் கப்பல் ஆடினா என்ன தெரியும்?"

"மெஷின் மிதிச்சுப் பாரு, அப்பத் தெரியும் ஆட்டம்," என்றார் டெய்லரம்மா.

பேக்கரிக்காரர் மேசை குலுங்கச் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக மாஸ்டர் ஒரு வாய் வைத்தார். இறங்கியது. சூப்பும் மீனும் ரொட்டியும் இறங்கின. பேக்கரிக்காரர் கதையை வேகமாக ஓட்டும்போதெல்லாம் மாஸ்டரின் வலது கால் மேசைக்கடியில் இல்லாத பிரேக்கை அழுத்தியது. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

எழுந்திருக்கும்போது டெய்லரம்மா ஒரு தட்டில் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் எடுத்துவைத்து, இன்னொரு தட்டால் மூடி, அவர் கையில் கொடுத்தார். "வெறும் வயித்தோட படுத்தா இன்னும் பிரட்டும் அண்ணே. ரெண்டு வாயாவது சாப்பிடச் சொல்லுங்க."

கேபினுக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் தட்டையும் மாஸ்டரே காலி செய்தார். திருட்டுத்தனமாக இருந்தது. ஆனாலும் பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கென்று ஒருவர் ஒரு தட்டு அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் இரவும் அவள் படுத்தே இருந்தாள்; மூடிய தட்டும் அவளுக்கு வந்தது. அவளைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சொன்னார்: கறாரானவள், கடைக்காரர்கள் அவளைக் கண்டால் தராசைத் துடைப்பார்கள், தூக்கத்தில்கூட அவரைத் திருத்துவாள். ஒவ்வொன்றையும் "சொல்வா, செய்வா" என்றே சொன்னார். "சொன்னா, செஞ்சா" என்று அவர் வாயில் வரவில்லை. அந்த மேசையில் அவள் உயிரோடு இருந்தாள். இருக்கும்வரை அவருக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது.

டெய்லரம்மாவும் தன் கதையைச் சொன்னார். மகன் அப்பாவோடு சண்டைபோட்டுக்கொண்டு வெளியேறியவன். அப்பா சாவுக்கும் வரவில்லை. இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறான். கப்பல் நிற்கப்போகிற துறைமுகம் அவன் இருக்கும் ஊர். ஒரு அரை நாள் நிற்கும். மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். போனில் படத்தைக் காட்டினார். வாயகன்ற மனிதன், தோளில் ஒரு பெண் குழந்தை.

"பேத்திக்கு ஒரு கவுன் தச்சிருக்கேன். அளவு தெரியாது. உள்ள நிறையத் துணி மடிச்சு விட்டிருக்கேன், வளர வளரப் பிரிச்சுக்கலாம்."

"இதுக்குத்தான் மாஸ்டர் இந்தக் கப்பலே," என்றார் நாத்தனார். "கடலப் பாக்கவா வந்தோம்? ஜன்னல் இல்லாத ரூம்தான் எங்களுக்குக் கட்டுப்படியாச்சு. கடல் எந்தப் பக்கம்னே தெரியாது."

மூன்றாம் இரவு, மறுநாள் காலை துறைமுகம் என்ற நிலையில், டெய்லரம்மா எல்லோரையும்விட உற்சாகமாக இருந்தார். "இன்னிக்கும் எந்திரிக்கலயா? வாந்தி எடுக்கறாங்களா அண்ணே?"

பஸ்ஸில் போனாலே அவள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பது மாஸ்டருக்கு நினைவு வந்தது. "ஆமா. ரெண்டு நாளா நிக்கவே இல்ல," என்றார், அந்த நினைவின் பாசத்திலேயே.

அவர் தோளுக்குப் பின்னால் தண்ணீர்ச் சாடியோடு நின்ற மீசைக்காரரின் கை ஒரு கணம் நின்றது. அதை மாஸ்டர் கவனிக்கவில்லை. கப்பலில் யாராவது வாந்தி என்றால், பரிமாறுகிறவர் காதில் விழுந்த அளவில் மேலே சொல்லியாக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது.

காலையில் படி இறக்கியதும் முதல் ஆளாகக் கரைக்குப் போனார். கடைத்தெருவில் அலைந்தார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்னப் பார்த்து, முடியாமல் பறவைகளுக்குப் போட்டார். மேசை கூடும் நேரத்துக்காகக் காத்திருப்பவராக மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார். துறைமுக வாசலில் கம்பிவேலி ஓரமாக அந்த வாயகன்ற மனிதன் நின்றிருந்தான். தோளில் குழந்தை, கையில் பாதி பிஸ்கட்.

"தம்பி, டெய்லரம்மா மகன்தானே? நானும் உங்கம்மாவும் ஒரே டேபிள்."

அவன் முகம் மலர்ந்து அணைந்தது. "அம்மாவ எறங்க விடமாட்டேங்கறாங்க சார். போன்ல அழறாங்க. அவங்க டேபிள்ல ஒரு அம்மாவுக்கு விடாம வாந்தியாம். தொத்து வியாதியா இருக்குமோன்னு, கூட உக்காந்து சாப்பிட்டவங்க எல்லாரையும் ரூமைவிட்டு வரக்கூடாதுன்னுட்டாங்களாம்."

மாஸ்டர் கப்பலைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம், அந்த அம்மா எப்படி இருக்காங்களோ," என்றான் அவன்.

குழந்தை பிஸ்கட்டைக் கப்பலை நோக்கி நீட்டியது. "பாட்டி எந்த ஜன்னல்ல இருக்காங்க?"

"போயிடாதீங்க தம்பி. நான் போய்ச் சொல்றேன். இங்கயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் ஓடினார்.

கப்பல் வாசலில் அவர் அட்டையை வைத்ததும் மெஷின் சிவப்பாகக் கத்தியது. காவலாள் அவரை ஒதுக்கி மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார். நர்ஸ் தள்ளி நின்று கேட்டார்.

"காலைலேர்ந்து உங்களத் தேடறோம். உங்க மனைவி எங்க சார்?"

ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். சொல்லத்தான் அவர் ஓடி வந்ததும். ஆனால் நர்ஸ் "மனைவி எங்க" என்று கேட்ட விதத்தில் அவள் எங்கோ இருக்கிறாள். அதை உடைக்க அவருக்குக் கை வரவில்லை.

"அவளுக்குச் சரியாப் போச்சும்மா. வாந்தியெல்லாம் இல்ல, நான்தான் கூட்டிச் சொல்லிட்டேன். மத்தவங்கள விட்டுடுங்க. ஒருத்தங்க மகன் வெளிய நிக்கறான்."

"அத அவங்களப் பாத்துட்டுத்தான் சார் சொல்ல முடியும். காலைல ரூமத் தட்டினோம். பதிலே இல்ல."

"குளிச்சிட்டு இருந்திருப்பா."

சொல்லிவிட்டு அவரே திகைத்தார். நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "டிக்கெட்ல ரெண்டு பேரு. ஆனா ஒருத்தர்தான் ஏறினதா காட்டுதே?"

"மெஷின் தப்பா இருக்கும்."

நர்ஸ் கையுறை மாட்டி, மேலங்கி போட்டு, முடிச்சுப் போட்டு, முகத்தை மூடிக்கொண்டு கிளம்புவதற்குள் நேரம் கரைந்தது. லிஃப்ட்டில் கரையிலிருந்து திரும்புகிறவர்கள் பைகளோடு நெரிந்தார்கள். அவர்களோடு ஏறக்கூடாது என்று மாடிப்படியில் நடந்தார்கள். ஒவ்வொரு தளத்திலும் சொல்லிவிடலாம் என்று மாஸ்டர் நினைத்தார். ஒவ்வொரு தளத்திலும் அவள் இன்னும் ஒரு தளம் உயிரோடு இருந்தாள்.

கதவைத் திறந்தார். ஒரு தலையணை மட்டும் குழிந்திருந்தது. ஒரே ஜோடிச் செருப்பு. மேசைமேல் அவர் கழுவிவைத்த தட்டு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நர்ஸ் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார்?"

"அவ செத்துப்போய் ஆறு மாசம் ஆகுதும்மா."

நர்ஸ் முகமூடியைக் கீழே இழுத்தார். போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். மற்றவர்களை வெளியே விட இன்னொருவரைக் கேட்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த இன்னொருவர் சரி என்று சொன்னபோது கப்பலின் சங்கு ஊதியது. படியைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

மாஸ்டர் மேல்தளத்துக்கு ஓடினார். வெளியே வரலாம் என்றதும் ஓடிவந்த டெய்லரம்மா அவருக்கு முன்பே அங்கே இருந்தார். கம்பியோரம் நின்று, கவுனின் இரண்டு தோள்களையும் பிடித்து, கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவது போல விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். காற்றில் அது உப்பியது. கரையில் இரண்டு புள்ளிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கையசைக்கிறார்களா இல்லையா என்று தெரியவில்லை. மஞ்சள் கவுன். அதை மட்டுமாவது அவர்களால் பார்த்திருக்க முடியும்.

கப்பல் நகர்ந்தது. பின்னால் நின்ற மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

அன்று இரவு வேறெங்காவது சாப்பிட்டிருக்கலாம். அவர் அந்த மேசைக்கே போனார். மீசைக்காரர் இரண்டாவது தட்டை எடுத்துவிட்டிருந்தார். அவர் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. செய்தி மாஸ்டருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

"வாங்க மாஸ்டர்," என்றார் நாத்தனார். "வீட்டம்மா சௌக்கியமா?"

பேக்கரிக்காரர் சூப்பில் கரண்டியை விட்டு எடுக்காமல் இருந்தார்.

"மன்னிச்சுக்குங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல," என்றார் மாஸ்டர். "ஆனா சொல்லணும். மகன் வாசல்லதான் நின்னாரு. குழந்தை, பாட்டி எந்த ஜன்னல்லன்னு கேட்டுச்சு."

டெய்லரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "எப்படிப் போனாங்க?" என்று கேட்டார்.

"பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுச்சு. எப்பவும் டம்ளர் விழுந்தா திட்டுவா. திட்டல."

மேசை அமைதியாயிற்று. அவர் பயந்த அதே அமைதி. முகங்கள் அவர் நினைத்தபடியே ஆயின.

"நானும் புருஷனப் பறிகொடுத்தவதான் அண்ணே," என்றார் டெய்லரம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "மொத நாளே நீங்க சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒரு நிமிஷம் சும்மா இருந்திருப்போம். அப்புறம் சாப்பிட்டிருப்போம்."

"மகன்கிட்டப் பேசினீங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"பேசினேன். அடுத்த தடவ பாக்கலாம்மான்னான். அவன் லீவு போட்டுட்டு நின்னிருக்கான். ஒரு தடவை எறங்கி வர்றதே அவனுக்குப் பெருசு." தட்டின் விளிம்பை விரலால் தடவினார். "எவ்வளவு துணி விட்டிருந்தாலும் பிரிச்சு விடறதுக்கும் ஒரு அளவு இருக்கு. அதுக்குள்ள அவ வளர்ந்துடுவா."

சமையலறைக் கதவு ஆடி ஆடி நின்றது. தட்டுகள் வந்தன, போயின. எழுந்திருக்கும் நேரத்தில் டெய்லரம்மாவின் கை பழக்கத்தில் ஒரு தட்டை இழுத்து ரொட்டியை வைத்தது, உருளைக்கிழங்கை வைத்தது, மூட இன்னொரு தட்டையும் எடுத்தது. பாதியில் நின்றது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டெய்லரம்மா மூடாமலே தட்டை மேசை நடுவில் வைத்துவிட்டு, நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பேக்கரிக்காரரும் எழுந்தார், ஏதோ சொல்ல வந்து, மாஸ்டரின் முதுகை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

"எடுத்துடவா சார்?" என்றார் மீசைக்காரர்.

"இருக்கட்டும்."

மாஸ்டர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தார். சுற்றியிருந்த மேசைகளில் சிரிப்பும் கரண்டிச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் குடித்துப் பார்த்தார். அது இறங்கவில்லை.