சாமியோவ்

வளர்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலைப்பெண் மாதிரி பேச அவளுக்கு வரவில்லையாம். மலைமேல் கரியாலூரில் பிறந்து, சாமைக் கொல்லையில் களை எடுத்து வளர்ந்தவளிடம் இதைச் சொன்னவர் தமிழ்ப் பேராசிரியர் அரங்கநாதன். அந்த மனுஷர் ஒரு தடவையாவது மலை ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம்.

கள்ளக்குறிச்சியில் அவள் படிக்கும் கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு அவர் ஒரு நாடகம் எழுதியிருந்தார். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் காதல் படங்கள் என்றால் அவருக்கு உயிர். கதையும் அதே கதைதான். மிராசுதார் மகள் கல்யாணத்துக்குப் பயந்து மலைப்பெண் வேஷத்தில் ஓடுகிறாள், பட்டணத்து எஞ்சினீயர் மயங்குகிறான், கடைசியில் குட்டு உடைந்து ஒரே சிரிப்பு. அந்தப் படங்களில் முகத்தைக் கழுவினால் உள்ளே ஒரு பணக்காரி இருந்தே ஆக வேண்டும். நிஜ மலைக்காரர்கள் நாயகிக்குப் பின்னால் இலை கட்டிக்கொண்டு குதிப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்று வருஷமாகக் கல்லூரிப் பக்கமே வராத அம்மா வெள்ளச்சி, "நீ மேடையில பேசினா வர்றேன்" என்று சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் வளர்மதி நாயகி வேஷம் கேட்டாள்.

"சார், எங்க வூட்ல இப்படித்தான் சார் பேசுவோம்."

"அதெல்லாம் எடுபடாதும்மா. இடுப்புல கைய வெச்சிக்கினு 'சாமியோவ்'னு இழுக்கணும். சுபஸ்ரீ எவ்ளோ நல்லா பண்ணுது பாரு."

"எங்க ஊர்ல யாரு சார் அப்படிப் பேசறாங்க?"

"நீ பழைய படமே பாத்ததில்லையா?"

பஸ் ஏறினால் மலை வந்துவிடும். அவருக்கோ படம்தான் சாட்சி.

"பேச்சு கெடக்கட்டும். வேஷத்த கலைச்சா மிராசுதார் பொண்ணுன்னு ஜனங்க நம்பணுமில்ல?" என்றார், அவள் முகத்தைப் பார்த்தபடியே. "குரூப் டான்ஸ்ல சேந்துக்க. உனக்குப் பொருத்தமா இருக்கும்."

மாட்டேன் என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் வெள்ளச்சி, மகள் மேடையில் பேசப்போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நல்ல புடவையையும் எடுத்து வைத்துவிட்டாள்.

விழாவில் சுபஸ்ரீ "சாமியோவ்" என்று இழுத்ததும் அரங்கமே விசில் அடித்தது. கடைசி வரிசையில் பிளாஸ்டிக் இலைகளோடு ஆடிய வளர்மதி, மூன்றாவது வரிசையில் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாடகம் முடிந்ததும் வெள்ளச்சி மேடைக்குப் பின்னால் வந்தாள். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு எந்த ஊருடி? அது இன்னா பாஷை?"

"நம்ம பாஷையாம்."

வெள்ளச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. மகள் இடுப்பிலிருந்த இலைகளை ஒரு தரம் பார்த்தாள்.

"நம்ம பாஷைன்னா நீயில்ல பேசியிருக்கணும்? எப்பப் பேசுவ, எப்பப் பேசுவன்னு கடைசி வரைக்கும் பாத்துக்கினு இருந்தேன்."

"எனக்குப் பேச வரலையாம், அம்மா," என்றாள் வளர்மதி.