லிசெட்டுக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதை ஒரு நாற்காலியிலிருந்து வந்தது. போன குளிர்காலத்தில், பெர்லினில் நான் குடியிருக்கும் தெருவின் சின்னத் திரையரங்கில் பழைய ஊமைப்படம் ஒன்று போட்டார்கள். பட்டாளத்துக் கூத்து. தண்டனைக்குப் பயந்து வேலைக்காரி வேஷம் போட்ட சிப்பாய் ஒருவன், தப்பிக்கத் தெரியாமல் தன் கொட்டடிக்குள்ளேயே வந்து மாட்டிக்கொள்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே இருக்கும் சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பின்வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்து நின்று, ஒரு நாற்காலியை முன்னால் நகர்த்துகிறான்.

வந்தவரைக் காட்டுவதற்குள் பிலிம் அறுந்துவிட்டது.

பக்கத்திலிருந்தவர் சலித்துக்கொண்டு மேல்கோட்டை மாட்டினார். எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அவன் எதற்கு எழுந்தான்?

2

முதல் தொடக்கம்: "1925. டெம்பல்ஹோஃப் படப்பிடிப்புக் கூடத்தின் கண்ணாடிக் கூரைமீது பனி பெய்துகொண்டிருக்க, எகோன் ராட்கே பாவாடை நாடாவை—"

[வேண்டாம். பெர்லின் என்றாலே பனியைக் கொட்டிவிடுகிறேன். ஜூன் மாதம் என்று வையுங்கள். விளக்குச் சூட்டில் சிப்பாய்களின் ஒட்டு மீசைகள் வழுக்கிக்கொண்டிருந்தன.]

இரண்டாவது: எகோன் நன்றாக நடந்தான். அதுதான் வம்பாகப் போயிற்று.

இது இருக்கட்டும். இயக்குநர் ஸாண்டர் தொப்பியைத் தரையில் அடித்தார்.

"யோவ் எகோன், நீ பாவாடை கட்டின சிப்பாய்யா! குடிகாரன் மாதிரி தடுமாறு, தடுக்கு, விழு! இப்படி அம்சமா நடந்து வந்தா எவன் சிரிப்பான்? எங்க அத்தைக்குக்கூட இந்த நடை வராதுய்யா!"

"இன்னொரு தடவை பண்றேன் ஐயா."

"சாயங்காலம் வரைக்கும்தான் உனக்கு டைம். அங்க பாரு."

மூலையில் குண்டு ப்ரூனோ வேலைக்காரி உடையை முன்கூட்டியே மாட்டிக்கொண்டு வறுத்த சாசேஜ் தின்றுகொண்டிருந்தான். அவன் சும்மா உட்கார்ந்திருந்ததற்கே விளக்குக்காரர்கள் சிரித்தார்கள்.

எகோனுக்கு இந்த வேஷம் தேவை. போர் முடிந்து எல்லாரும் திரும்பி, நாடகக் கம்பெனிகளின் இடங்களெல்லாம் நிரம்பிய பிறகுதான் அவன் சைபீரியாவிலிருந்து வந்து சேர்ந்தான். மனைவியோடும் கைக்குழந்தையோடும் மாமனார் வீட்டில் ஒட்டுக்குடித்தனம். மாமனார் ரொட்டியை வெட்டும்போதெல்லாம் அவனை ஒரு பார்வை பார்ப்பார்.

3

அந்த நடை அவனுக்கு எப்படி வந்தது?*

* அடிக்குறிப்பில் சொல்லிவிட நினைத்தேன். அடங்கவில்லை.

சைபீரியப் போர்க்கைதி முகாமில் ஆண்கள் மட்டும். பொழுதுபோக நாடகம் போட்டார்கள். எகோன்தான் கதாநாயகி, லிசெட். கூட இருந்தவர்கள் எல்லாருக்கும் அவன் தங்களோடு பேன் பார்த்துக்கொள்ளும் பயல் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் லிசெட் வேஷத்தோடு கொட்டடிக்குள் வந்தால் எழுந்து நிற்பார்கள். கெட்ட வார்த்தை அப்படியே வாயில் நின்றுவிடும். யாராவது நாற்காலி போடுவார்கள். யாரும் உத்தரவிடவில்லை, எப்படியோ வழக்கமாகிவிட்டது. அங்கே செத்தவர்களில் சிலர் கடைசியாக எழுந்து நின்றது லிசெட்டுக்காகத்தான்.

[கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகம். ஆனால் அடிக்க மனமில்லை.]

4

துணை நடிகர்கள் பாதிப் பேர் வேலையில்லாத நிஜச் சிப்பாய்கள். டெட்லெஃப் அவர்களில் ஒருவன், அதே சைபீரிய முகாமில் இருந்தவன், திரும்பி வந்து வடக்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அவன் அரைகுறையாகத்தான் எனக்குப் பிடிபடுகிறான். லிசெட்டைக் காதலித்தானா? கேட்டால் அறைவான் என்று நினைக்கிறேன்.

மதியம் பட்டாணி சூப்போடு எகோனின் எதிரே வந்து நின்றான்.

"நீங்க லிசெட்தானே?"

"ராட்கே. எகோன் ராட்கே."

"அவரை எனக்குத் தெரியாதுங்க."

எகோன் சிரித்துவிட்டான். "உக்காருய்யா. சாயங்காலம் நான் விழணும், தெரியுமா? பாவாடை தலைக்கு மேல போகணும். நீங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கணும்."

"விழுங்க. வேலைதானே."

"நீயும் சிரிப்பியா?"

டெட்லெஃப் சூப்பைக் கிளறினான். "பாக்கறேங்க. ஆனா நீங்க உள்ள வரும்போது என்னால உக்காந்திருக்க முடியாது. காலு கேக்காது."

"உன் கூலி போயிடும்டா, மடையா."

"போவட்டும். மூட்டைக்கு என்ன பஞ்சம்?"

5

காமிராக்காரன் கைப்பிடியைச் சுழற்றினான். எகோன் கதவைத் திறந்தான். எல்லாரும் சிரித்தார்கள். டெட்லெஃப் எழுந்தான். நாற்காலியை நகர்த்தினான்.

முடிவு (அ): எகோன் பாவாடையைத் தானே மிதித்து, நாற்காலியோடு சாய்கிறான். கூடம் அதிர்கிறது. "இதுதான்யா!" என்று ஸாண்டர் கத்துகிறார். வேலை கிடைத்துவிட்டது. டெட்லெஃப் குனிந்து நாற்காலியை நிமிர்த்துகிறான். அவன் முகத்தை என்னால் எழுத முடி—

முடிவு (ஆ): எகோன் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, உட்காருகிறான். சிரிப்பு ஒவ்வொருவராக நிற்கிறது. இன்னொருவனும் எழுகிறான். ஸாண்டர் ப்ரூனோவைக் கூப்பிடுகிறார்.

நீங்கள் கெட்டிக்காரர்; கேட்பீர்கள். அவன் எழுந்து நாற்காலி நகர்த்தும் துண்டு படத்தில் இருக்கிறதே, அப்படியானால் (அ)தானே? அவசியமில்லை. ஸாண்டர் கஞ்சன். சிப்பாய்கள் சிரித்ததை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வருவதை மட்டும் ப்ரூனோவை வைத்து எடுத்து ஒட்டியிருக்கலாம்.

அவன் விழுந்தான் என்று எழுத எனக்கு வலிக்கிறது. விழவில்லை என்று எழுதினால், இரவு மாமனார் ரொட்டி வெட்டும்போது நானா போய் எகோன் பக்கத்தில் உட்காரப்போகிறேன்?

6

பிலிமை ஒட்டிவிட்டார்களாம், வெள்ளிக்கிழமை மறுபடி போடுகிறார்கள். பிலிம் அறுந்த அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவசச் சீட்டு. என்னுடையதை உங்களுக்குத் தருகிறேன். பின்வரிசை இடம், யார் கண்ணிலும் படமாட்டீர்கள். கதவு திறக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், அதற்குத்தான் படம் எடுத்தார்கள். வருவது எகோனா ப்ரூனோவா, விழுகிறானா உட்காருகிறானா, பார்த்துவிட்டு வாருங்கள்.

என்னிடம் சொல்ல வேண்டாம்.