லிப்ட்டுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள்: அடுக்குமாடிச் சங்கத் தலைவர் குணாளன், கணக்கு எழுதும் ஜெயகுமார், மூன்றாம் மாடி நளினி, ஐந்தாம் மாடி பிரேமாவதி, இன்னும் பதினேழு வீட்டுக்காரர்கள். வராதவர் பிரேமாவதியின் கணவர் மணியம். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன மனிதரை ஐந்து மாடிக்குத் தூக்கிச் சுமக்க யாரும் இல்லை. லிப்ட்டு செத்து இரண்டு வருடமாகியிருந்தது. அதனால்தான் சுங்கைப் பட்டாணியின் இந்த ஐந்தாம் மாடிச் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இருவரும் பக்கத்து ஊரான திகாம் பத்துவில் ஒரு தரைவீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

புது லிப்ட்டு போட வீட்டுக்கு நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி சிறப்பு வசூல் என்றார் குணாளன்.

"அந்தக் காசுக்கு ஆள் வெச்சி தெனம் என்னைத் தூக்கிட்டு வரச் சொல்லுவேன்," என்றாள் நளினி.

"ஒங்கள தூக்க ஒரு ஆள் பத்தாது, நாலு பேர் வேணும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயகுமார் எழுந்தான். அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு வருமான வரிப் பாரத்தை நிரப்பிக் கொடுப்பவன் அவன். "வீட்ட வாடகைக்கு விட்டவங்க பயப்படாதீங்கலா. ரிப்பேர்னு போட்டு வாடகை வருமானத்துல கழிச்சி வரியக் கொறைச்சிக்கலாம்," என்றான். முதலில் கை தூக்கியவள் பிரேமாவதி.

மார்ச்சில் குடியிருந்தவர்களை அனுப்பினாள். ஏப்ரலில் கூட்டுறவுக் கடன் வாங்கி வசூலைக் கட்டினாள். புது சக்கர நாற்காலி ஒன்று வாங்கி, காலியான அந்த வீட்டில் ஜெராய் மலை தெரியும் ஜன்னலோரம் போட்டு வைத்தாள். மணியத்துக்குப் பேச்சு பாதி போயிருந்தது. மாலையில் அவள் வேலை முடிந்து வந்ததும் ஒரு வார்த்தைதான் கேட்பார்.

"லிப்ட்டு?"

"வந்துரும். வந்ததும் வீட்டுக்குப் போயிரலாம்."

ஜூலையில் வந்தது. ஒரு சனிக்கிழமை பூசை போட்டார்கள். சந்தனம், குங்குமம், தேங்காய் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எலுமிச்சம்பழத்தில் வந்து நின்றார்கள். புது வண்டி என்றால் சக்கரத்துக்கடியில் வைத்து நசுக்கலாம்.

"லிப்ட்டுக்கு எங்கண்ணே சக்கரம்?" என்று ஜெயகுமார் கேட்டான்.

குணாளன் பிரேமாவதி பக்கம் திரும்பினார். "அக்கா, ஒங்க வீட்ல ஒரு வண்டி நிக்கிதே, அதக் குடுங்க."

நாலு சக்கரத்துக்கு நாலு பழம். நாற்காலியைப் பழங்கள் மேல் ஏற்றி, லிப்ட்டுக்குள் தள்ளினார்கள். பின்னால் 'லிப் பாரு' என்று, புது லிப்ட்டு என்பதை மலாயில் எழுதிய சிவப்புத் துணி தொங்கியது. நளினி படம் பிடித்தாள். படத்தில் பிரேமாவதி சிரித்துக்கொண்டிருக்கிறாள். மணியம் அன்று நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். திங்கட்கிழமை அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார்.

அதன் பிறகு அவள் திகாம் பத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, தன் வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தாள். குருண் தொழிற்சாலையில் வாங்கும் சம்பளம் ஒரு வயிற்றுக்குப் போதும், கடனுக்குப் போதாது. மூன்று தவணை பாக்கி விழுந்தது. மறு வருடம் ஜெயகுமார், லிப்ட்டு வசூலை ரிப்பேர் என்று கழித்து அவளுடைய வரிப் பாரத்தை நிரப்பினான். சம்பளத்தில் பிடித்த வரிப்பணம் திரும்பி வந்தால் பாக்கியை அடைத்துவிட்டு அந்த வீட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, குருணில் அக்கா வாசுகியின் பின்னறைக்குப் போக வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

பணம் வரவில்லை. ஆவணங்களோடு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

"காசு கட்டினப்ப வீட்ல ஆள் குடியிருந்தாங்கன்னு சொல்லிருங்கக்கா," என்றான் ஜெயகுமார். "ஒரு மாசம் முன்ன பின்ன. யாருக்குத் தெரியப் போவுது?"

"நீ நிரப்பின பாரந்தானே? நீயும் வா."

"எனக்கு லீவு கெடைக்காதுக்கா."

அவள் ரசீதுகளை எடுத்து வைத்தாள். லிப்ட்டு உண்மையிலேயே போட்டார்கள் என்பதற்குச் சாட்சியாக நளினி பிடித்த படத்தையும் கடையில் கொடுத்துக் கழுவி வைத்தாள். எவ்வளவு தாள் கொடுக்கிறோமோ அவ்வளவு நம்புவார்கள் என்று நினைத்தாள்.

வரி அலுவலகத்தில் இருந்தது ஓர் இளம் மலாய்ப் பெண். படத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இந்தச் சக்கர நாற்காலி யாருடையது?" என்று மலாயில் கேட்டாள். "குடியிருந்தவருடையதா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பிரேமாவதி வாயைத் திறந்தாள். ஜன்னலோரம் வேறு யாரோ உட்கார்ந்திருந்ததாகச் சொல்ல வரவில்லை.

"என் கணவருடையது. அவருக்காகத்தான் குடியிருந்தவர்களை மார்ச்சில் அனுப்பினேன்."

"அவர் அங்கே இருந்தாரா?"

"இல்லை. வருவதாக இருந்தது."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிறகு எடுத்து எழுதினாள். வாடகைக்கு விடாத வீட்டின் செலவைக் கழிக்க முடியாது என்றாள். சிவப்புத் துணியை விரலால் தொட்டு, குடியிருந்திருந்தாலும் இது பழுது பார்த்த செலவில் சேராது, புதிதாகப் போட்டது என்றாள். ஆக, பொய் சொல்லியிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. கழித்தது செல்லாது, மேலே அபராதம். தொகை சின்னதுதான். கையில் இல்லாதவளுக்கு அதில் சின்னது பெரியது கிடையாது.

அடுத்த மாதம் மெலிசா என்ற ஆஸ்பத்திரித் தாதி, ஆறு மாதக் குழந்தையோடு வீடு பார்க்க வந்தாள். லிப்ட்டு இருப்பதால்தான் இந்த வீடு பிடித்தது என்றாள். பிரேமாவதி இரண்டு பெட்டிகளை முன்பே வாசுகி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். சாவியைக் கொடுத்தாள்.

"அக்கா, அந்த நாற்காலி?"

"எடுத்துக்கிட்டுப் போறேன்."

ஜன்னலோரத்திலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரத்தின் இடுக்கில் எலுமிச்சை விதை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. வாசற்படியில் சக்கரம் இடித்தது. மெலிசா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஒரு கை கொடுத்தாள்.

"பாத்துப் போங்கக்கா."

பிரேமாவதி நடைபாதைக்கு வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இரும்புக் கம்பிக் கதவை இழுக்கும் சத்தம் கேட்டது, பிறகு பூட்டு விழும் சத்தம்.