புரண்டு படுக்க ஓர் ஆள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் கால் வழுக்கிக் குழிக்குள் விழுந்தார். யார் மேலும் குற்றமில்லை. அத்தனை வருஷம் வழுக்காத கால் அன்றைக்கு வழுக்கியது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் முதுகை அறுத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு மூன்றாவது மாடி. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டை ஓடவைத்தவர் குடியிருந்த இடத்தில் லிஃப்ட் கிடையாது.

மனைவிக்கு ஒரு லாண்டரியில் இஸ்திரி போடும் வேலை. வேலையை விட முடியாது, அவரைத் தனியாக விடவும் முடியாது. அதனால் தன் தம்பியை வரச் சொன்னாள்.

தம்பிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கல்யாணமில்லை, எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. எப்போது போன் போட்டு "என்னடா பண்றே?" என்று கேட்டாலும் "சும்மாதான் இருக்கேன்" என்பான். மெக்கானிக் அவனுக்கு 'சும்மா' என்றே பேர் வைத்துவிட்டார். வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது "யாரு, சும்மாவா? சும்மா வந்திருப்பான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அந்தச் சும்மாதான் இப்போது அவருக்கு உடம்பு துடைத்தான், மலம் அள்ளினான், மூத்திரப் பையைக் காலி செய்தான். அந்த நேரங்களில் மெக்கானிக் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சுவரில் பெயிண்ட் உரிந்த இடங்களெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். கூட வேலை செய்த ஒருவர் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "உயிர் தப்பிச்சதே பெரிசு. கிடைச்சதை நெனச்சு மனசைத் தேத்திக்கணும்" என்றார்.

"அப்போ நீ வந்து இங்க படுத்துக்கோ. நான் எழுந்து நின்னு மனசைத் தேத்திக்கிறேன்" என்றார் மெக்கானிக்.

அதற்குப் பிறகு ஆள் வரத்து குறைந்துவிட்டது.

உள்ளுக்குள் அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். இதெல்லாம் கொஞ்ச நாள்தான், அடுத்த மழைக்குள் எழுந்துவிடலாம் என்று. டாக்டரிடம் அவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் டாக்டரும் சொல்லவில்லை. எழுந்து நடக்கப்போகிறவனை எதற்கு மூட்டை மாதிரிப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. படுக்கைப்புண் வரும், அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் சும்மா அவரைப் புரட்டிவிட்டு, "மாமா, பின்னாடி ஒரு இடம் செவந்திருக்கு. எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றான்.

"எனக்கே வலிக்கல. உனக்கென்னடா வந்துச்சு?"

"உங்களுக்கு வலிக்காது மாமா. அதான் பயமே."

மெக்கானிக்குக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "சோத்துக்கு வழியில்லாம வந்தவன் எனக்குப் புத்தி சொல்றியா? இனிமே என் மேல கை வைக்காதே. வெளிய போடா!"

சும்மா வெளியே போனான். ஆனால் போய்விடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். சாப்பாடு நேரத்துக்கு வந்து தட்டை வைத்தான், பையை மாற்றினான், மறுபடி படியில் போய் உட்கார்ந்தான். புரட்ட வந்தபோதெல்லாம் அவர் கையைத் தட்டிவிட்டார். அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளோ லாண்டரியில் ஆள் குறைந்ததால் இரண்டு பேர் வேலையைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் விழுந்து தூங்கினாள்.

மெக்கானிக்குக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போர்வையை விலக்கிய மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். சிவந்திருந்த இடம் குழியாகியிருந்தது.

"பாத்துக்கத்தானேடா உன்னை வரச் சொன்னேன்!" தம்பியைப் பிடித்து உலுக்கினாள். "வேற என்ன கிழிச்சே இங்க? ஒரு மனுஷனைப் புரட்டிப் போடக்கூடவா துப்பில்ல?"

சும்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமாதான் வேண்டாமென்றார் என்று அவன் சொல்வான் என மெக்கானிக் காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. மெக்கானிக்கும் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் கீழே நின்றது. படி குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சும்மா குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். உயிரில்லாத இரண்டு கால்களும் படிக்குப் படி இடித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். அவன் பிடரியில் வழிந்த வியர்வை மெக்கானிக்கின் கன்னத்தில் ஒட்டியது. அங்கே முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை.

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். எலும்பு வரைக்கும் போயிருந்தது. மறுநாள் காலை டாக்டர் வந்தபோது மெக்கானிக் முதன்முறையாகக் கேட்டார்.

"டாக்டர், நான் நடப்பேனா?"

டாக்டர் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இல்லைங்க. கால் திரும்பாது. புண் ஆறும். அதுவும் உங்களைப் பாத்துக்கிறவங்க கையிலதான் இருக்கு."

மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மெக்கானிக் அழவில்லை. வெகுநாளாக மேலே தொங்கிக்கொண்டிருந்த ஒன்று கடைசியில் விழுந்துவிட்டது போலிருந்தது. விழுந்தது அவர் மேல்தான். இருந்தாலும், எப்போது விழுமோ என்று அண்ணாந்து பார்க்கும் வேலை இனி இல்லை.

சும்மா டீ வாங்கப் போனதும் அவளிடம் சொன்னார். "அவன் மேல தப்பில்ல. நான்தான் தொடவிடல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவனைத் திட்டினே?"

"படுத்துக்கிடக்கிற மனுஷனைத் திட்ட எனக்கு மனசு வரல. யாரையாவது திட்டணும்போல இருந்துச்சு. அவன்தான் வாங்கிக்குவான்" என்றாள். "நாம ரெண்டு பேருமே அவனை அதுக்குத்தான் வச்சிருந்தோம்."

சும்மா டீயோடு வந்தான். நன்றி என்பது மேடையில் மைக் பிடித்துச் சொல்வது. மச்சினனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் பயந்துபோவான். மெக்கானிக் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மாப்ள, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடறியா?" என்றார்.

சும்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தான். அவன் புரட்டும்போது மெக்கானிக் கண்ணை மூடவில்லை. அது சுலபமாக இல்லை, கூசியது. சாயங்காலம் மறுபடி கேட்டார். மறுநாளும் கேட்டார். கேட்கக் கேட்கக் கூச்சம் கொஞ்சம் தேய்ந்தது, முழுக்கப் போகவில்லை. சில நாள் பழைய கோபம் எட்டிப் பார்க்கும். அன்றைக்குத் தன் தோளை மட்டும் தொட்டுக் காட்டுவார்.

வீட்டுக்குத் திரும்பியதும் கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு கொக்கி அடிக்கச் சொன்னார். அதில் பெல்ட் மாதிரி ஒரு பட்டை மாட்டினால், கையால் பிடித்துத் தானே எழும்பலாம் என்பது அவர் யோசனை. சும்மா ஸ்டூல் மேல் ஏறி டிரில் மெஷினைப் பிடித்தான். முதல் ஓட்டை கோணல். இரண்டாவதில் சிமெண்டு பெயர்ந்து இருவர் தலையிலும் கொட்டியது.

"மாமா, வீட்டுக்காரர் கேட்டா என்ன சொல்றது?"

"சும்மா போட்டோம்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சும்மா சிரித்தான். பழைய சிரிப்புதானா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது ஓட்டையில் கொக்கி நின்றது. பட்டையைப் பிடித்து எழும்பி உட்கார அவருக்குப் பல நாள் பிடித்தது. உட்கார்ந்தாலும் நெடுநேரம் முடியாது, தலை சுற்றும். புண் ஆறிக்கொண்டிருந்தது, ஆனால் ஆமை வேகத்தில். அவரைச் சுமந்து இறங்கிய நாளிலிருந்து சும்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது; குனியும்போது முனகினான். எதுவும் சரியாகிவிடவில்லை. எதுவும் சரியாகாது என்பதும் மூவருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு மாலை மனைவி வேலையிலிருந்து வந்தாள். அவர் பட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததால் கட்டிலில் பக்கத்தில் இடமிருந்தது. விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் அங்கே அமர்ந்தாள், அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். என்னமோ சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே தூங்கிப்போனாள். அவள் மேல் இஸ்திரிச் சூட்டின் வாசனை அடித்தது.

சும்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டான். மெக்கானிக் வேண்டாமென்று தலையசைத்தார். அவன் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். பட்டையைப் பிடித்திருந்த கை மரத்துப்போக ஆரம்பித்தது. அவர் விடவில்லை.