சோப்புத் தண்ணீரில் கறுப்புப் புழுக்கள்

மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் தோட்டம், டீயைக் குடித்தும் குடிக்காமலும் தோட்டம், சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி தோட்டம். பீன்ஸ் கொழுந்துகளில் அசுவினி அப்பிக் கிடந்தது. கடுகைவிடச் சின்னப் பூச்சி, சாற்றை உறிஞ்சியே செடியைச் சுருட்டிவிடும்.

போன வெள்ளாமையில் மருந்தடிக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். நுரையீரல் பாதி போய்விட்டது, இன்னொரு தடவை அந்த மருந்தை மூச்சில் இழுத்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அழுது, சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் கிடந்து, மருந்தில்லாத விவசாயத்துக்கு அவரைச் சம்மதிக்க வைத்தேன். இருப்பதே முக்கால் ஏக்கர். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். இந்தப் பீன்ஸ் கைவிட்டால் ஸ்பிரேயரை மறுபடி தோளில் மாட்டுவாராம், நான் குறுக்கே வரக் கூடாதாம். பிடிவாதத்தில் மனிதர் என்னையே மிஞ்சுவார்.

பூச்சியைக் கையால் பொறுக்கலாம் என்று இயற்கை விவசாயப் பயிற்சியில் சொன்னார்கள். அசுவினியைப் பொறுக்க முடியாது, அவ்வளவு பொடி. ஆனால் அதன் நடுவே வேறொன்று ஊர்ந்தது. கறுப்பாக, முதுகெல்லாம் முள்ளும் ஆரஞ்சுப் புள்ளியுமாக, பார்த்தாலே அருவருப்பு. ஓகோ, துணைக்கு ஆள் வேறு சேர்த்துக்கொண்டு வந்தாயா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து, செடி செடியாகத் தேடிப் பிடித்து அதில் போட்டேன். மூன்று நாளில் நாற்பது வரிசையில் முப்பத்தெட்டு முடிந்தது. அசுவினியோ குறைவதற்குப் பதில் பூவிலும் ஏறிவிட்டது.

அன்று காலை எங்களுக்குப் பயிற்சி கொடுத்த வேளாண் அலுவலர் அம்மா வந்தார். பெருமையாக வாளியைக் காட்டினேன். குச்சியால் கிளறிப் பார்த்தவர், ஒரு புழுவை மேலே எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இது பொறிவண்டோட புழும்மா. வளந்தாத்தான் வண்டு," என்றார். "அசுவினிய தின்னத்தான் வந்திருக்கு."

சிவப்பாக, புள்ளி வைத்து, அத்தனை அழகான பொறிவண்டு நல்லது என்று எனக்கும் தெரியும். அதன் புழு இவ்வளவு அவலட்சணமாக இருக்கும் என்று யார் கண்டது? பயிற்சியில் படம் காட்டினேனே என்றார். காட்டியிருப்பார். உட்கார முடியாமல் நான்தான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கடைசி இரண்டு வரிசையில் மிச்சமிருந்தால் பார்க்கலாம், பத்து நாள் யாரும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு ஓடினேன். அவர் கொல்லையில் ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார். பூவில் பூச்சி ஏறியதை அவரும் பார்த்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த டேங்க் அவர் தோளில் ஏறிவிடும்.

"என்னங்க, மருந்தில்லாத விவசாயம் தோக்கல. நான்தான் கெடுத்தேன். நமக்குன்னு வந்ததையெல்லாம் வாளியில போட்டுக் கொன்னுட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு தோட்டத்துக்கு வந்தார். கடைசி இரண்டு வரிசையில் இலை இலையாகப் புரட்டினோம். பதினோரு புழு இருந்தது. அதில் ஒன்று அசுவினியைத் தின்பதை அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பத்து நாள் உன்னால கை வைக்காம இருக்க முடியுமா?"

"முடியாது. ஆனா உங்கள தூக்கிக் குடுத்துட்டு இருக்க அதவிட முடியாது."

சிரிக்கப் போனவரை இருமல் பிடித்துக்கொண்டது. கொடி படர நட்ட கம்பைப் பிடித்து, அது அடங்கும்வரை நின்றார். பிறகு, பத்து நாள்தான், பதினோராம் நாள் யார் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். கண்ணெதிரே ஒரு கொழுந்து சுருண்டுகொண்டிருந்தது. தொடவில்லை.