இலை ரொட்டியில் ஒரு மலைப்பாதை

1968ஆம் ஆண்டு டிசம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, கல்டாவிக் ஊருக்குத் தெற்கே நிற்கும் மலையில், கோல்பெய்னின் ஐந்து வயது மகள் பிர்னா சமையலறை மேசையை விட்டு எழாமலே பாதி தூரத்துக்கு ஒரு பாதை வெட்டினாள். காற்று வடமேற்கிலிருந்து மிதமாக வீசிக்கொண்டிருந்தது. வெண்ணெய் விலை கிலோவுக்கு இரண்டு குரோனா ஏறியிருந்ததால் கடைவாசலில் முதலில் அதைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. பாதையைப் பற்றி அதற்கப்புறம் பேசினார்கள்.

பிர்னாவின் அம்மா ராக்னா, டிசம்பர் இரண்டாம் தேதி பேருந்தில் மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்துக்குப் பிரசவத்துக்காகப் போயிருந்தாள். முதல் பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தவள் என்பதால், இந்த முறை வீட்டில் பார்க்க முடியாது என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஐந்தாம் தேதி ஆண் குழந்தை பிறந்தது, இரண்டு பேரும் நலம் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. ஆறாம் தேதி கணவாயில் விழுந்த பனி தொலைபேசிக் கம்பங்களை மூடியதில் அந்த நல்ல செய்திக்குப் பின்னால் வேறு செய்தியே இல்லாமல் போயிற்று. கரையோரக் கப்பலோ பழுதுபார்க்கும் துறையில் கிடந்தது, புத்தாண்டுக்கு முன் வராது. மீன் உறைவிப்பு ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் கோல்பெய்ன் பொய் சொல்லத் தெரியாத மனிதன். அதனால் மகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"அம்மா எப்ப வருவா?"

"பனி இறங்கினதும்."

"எப்ப இறங்கும்?"

"பிப்ரவரில இறங்கும்."

"பிப்ரவரி கிறிஸ்துமஸுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"பின்னாடி."

"அப்ப அது வேண்டாம்," என்று பிர்னா சொன்னாள், யாரோ தட்டில் வைத்த வேகாத மீனைத் தள்ளிவிடுவதுபோல.

அவள் மனதில் இருந்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு க்ரோவாவிடம்தான் சொன்னாள். க்ரோவாவுக்கு அறுபது வயது, பிள்ளை குட்டி கிடையாது, ஊரில் யார் வாயைத் திறந்தாலும் அடைக்கிற பதில் அவளிடம் இருக்கும். எங்கள் ஊரில் பாதிரியாரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், ஆனால் க்ரோவாவின் பேரைச் சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வோம். அவளிடம் போய் அந்தச் சிறுமி, "அம்மாவுக்கு அங்கயே ஒரு பிள்ளை கிடைச்சிடுச்சு, இந்தப் பிள்ளைக்காக எதுக்கு மலை ஏறி வரணும்?" என்று கேட்டாள். எல்லாருக்கும் பதில் வைத்திருந்த க்ரோவா, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துப் பிர்னாவின் கையில் கொடுத்து, "சனிக்கிழமை இலை ரொட்டி வெட்டணும், வந்து சேரு," என்று மட்டும் சொன்னாள்.

இலை ரொட்டி இல்லாமல் எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கிடையாது. கொதிக்கும் பாலில் பிசைந்த மாவை, அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, வட்டமாக நறுக்கி, அதில் கத்தி முனையால் வரிசையாகக் கீறி, ஒவ்வொரு கீறலிலும் எழும் நாக்கை ஒன்று விட்டு ஒன்று மடித்துவிட வேண்டும். அப்புறம் ஆட்டுக் கொழுப்பில் போட்டு, ஒருமுறை திருப்பி, எடுத்து, மூடியால் அழுத்தித் தட்டையாக்க வேண்டும். நாக்கை மடிக்காமல் விட்டால் கீறல் கொழுப்பில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை. நறுக்கி மிஞ்சிய ஓரங்களைப் பொரித்ததும் சூட்டோடு அவர்களிடம் கொடுத்துவிடுவார்கள், முழு ரொட்டியைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு முன் தொட்டால் கையில் அடி விழும்.

அந்தச் சனிக்கிழமை க்ரோவாவின் சமையலறையில் ஒன்பது பிள்ளைகள் நட்சத்திரமும் தங்கள் பேரின் முதல் எழுத்தும் வெட்டிக்கொண்டிருந்தபோது பிர்னா வட்டத்தின் கீழ்விளிம்பிலிருந்து மேல்விளிம்புக்கு வளைந்து வளைந்து போகும் ஒரே கோட்டை வெட்டினாள். என்ன இது புழுவா என்று கேட்டவர்களிடம் ரோடு என்றாள். க்ரோவா அதைப் பொரித்து எடுத்து அழுத்தினாள். அழுத்திய அதே நேரத்தில் தெற்கே கட்டிச்சர்க்கரையைக் கடிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. எல்லோரும் சன்னலுக்கு ஓடினார்கள். மலையடிவாரத்திலிருந்து மேலே வளைந்து வளைந்து ஒரு கீறல் போயிருந்தது, அதன் இரு பக்கமும் பனி ஆள் உயர நாக்குகளாக ஒன்று விட்டு ஒன்று மடிந்து நின்றது. பாதி உயரத்தில் கீறல் நின்றுவிட்டது. ரொட்டியை எடுத்துப் பார்த்தார்கள். அதே இடத்தில் பிர்னாவின் விரல்கள் களைத்துப்போய் நாக்கை மடிக்காமல் விட்டிருந்தன, கோடு கொழுப்பில் ஒட்டியிருந்தது.

அடுத்த இரண்டு நாள் ஊரே அவரவர் வீட்டில் ரோடு வெட்டியது. பெரியவர்கள் பித்தளைச் சக்கரக் கருவியால் பிசிறில்லாமல் வெட்டினார்கள், பாதிரியார் இருபுறமும் ஓடையோடு வெட்டினார், மலை அசைந்து கொடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகளும் முயன்றார்கள், ஆனால் பாதி வெட்டும்போதே அவர்கள் மனம் நட்சத்திரத்துக்குப் போய்விட்டது. ஆக வேலை பிர்னாவுடையது என்று தெரிந்ததும், பனி அள்ளும் வண்டியின் ஓட்டுநர் தோர்கெல் க்ரோவாவின் சமையலறைக்குள் நுழைந்தான். இருபத்திரண்டு வருடம் அந்தக் கணவாயில் ஓட்டியவன், ஒவ்வொரு வளைவையும் மனப்பாடமாக வைத்திருப்பவன். ஒழுங்கில்லாத எதையும் அவனுக்குப் பார்க்கப் பிடிக்காது. அரசாங்க வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, அளவுகோலை வைத்து, பிர்னாவின் கையைப் பிடித்து, ஒரு வளைவு பிசகாமல் வெட்டவைத்தான். செவ்வாய்க்கிழமை க்ரோவா அதைக் கொழுப்பில் போட்டு, திருப்பி, எடுத்து, அழுத்தினாள். மலை உச்சியையும் தாண்டித் திறந்தது. ஊர் கைதட்டியது.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பாதை வழியாக ஹோல்மூர்க்காரர்கள் நான்கு பேர் நடந்து வந்தார்கள். ஹோல்மூர் எங்களுக்கு மேற்கே இருக்கும் ஊர், பாடகர் குழுப் போட்டியில் நடுவருக்குப் புகையூட்டிய சால்மன் கொடுத்துப் பரிசு வாங்கிய ஊர். அவர்கள் க்ரோவாவின் வீட்டில் பதினொரு கோப்பைக் காபி குடித்துவிட்டு, காபி தண்ணீராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த பதினேழு ஆடுகளைத் திருப்பி அனுப்ப மாலையாகிவிட்டது. வரைபடம் சரி, அளவு சரி, ஆனால் திருப்பிப் போட்டதில் ரொட்டியின் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிட்டது என்று கடைசியில் க்ரோவாதான் கண்டுபிடித்தாள். முதல் ரொட்டியிலும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். அது எங்குமே போய்ச் சேராததால் யாருக்கும் தெரியவில்லை. தோர்கெலின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அன்று அவன் அந்த ரொட்டியைத் தானே உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தான். அவர்கள் மென்று தின்னத் தின்ன, மேற்கே போன பாதை மடிப்பு மடிப்பாக மூடிக்கொண்டது. ரொட்டி இருக்கும்வரைதான் வழி என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் நான்கு நாள் பிர்னா வெட்டினாள், நான்கு நாளும் தோற்றாள். ஒரு ரொட்டி மாவு காய்ந்து கிழிந்தது, ஒன்று கொழுப்பில் குமிழ் விட்டது, ஒன்று மூடியின் கீழ் உடைந்தது. கடையில் மாவு தீர்ந்து, வீட்டுக்கு ஒரு கிண்ணம் என்று க்ரோவா ஊரெல்லாம் வாங்கிவந்தாள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்கவும் மாட்டாள். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. அதற்குத் துணி கட்டிவிட்டு கோல்பெய்ன், "போதும்டா கண்ணு, அம்மா வராம எங்க போயிடப் போறா," என்றான். பிர்னா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வட்டத்தை இழுத்துக்கொண்டாள். அந்தப் பிடிவாதம் ராக்னாவுடையது என்று அவனுக்குத் தெரியும், அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மனைவியின் நினைவு தாங்க முடியவில்லை.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு காலை, பிர்னா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் மறுபக்கம் போய், மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏன் அங்க போற?" என்று க்ரோவா கேட்டாள்.

"அம்மா அந்தப் பக்கம் இருக்கா. அவ பார்க்கிற மாதிரி வெட்டறேன். நீ திருப்பினா நம்ம பக்கம் வந்துடும்."

தோர்கெல் வரைபடத்தைத் தலைகீழாகவும் பின்புறமாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

மூன்று மணி நேரம் வெட்டினாள். நாக்கு உதட்டோரம் துருத்திக்கொண்டிருந்தது. க்ரோவா ஈரத்துணியை விரலளவு விரலளவாக நகர்த்தி மாவைக் காயாமல் காத்தாள். கோல்பெய்ன் வட்டத்தின் விளிம்பை அசையாமல் பிடித்திருந்தான். இரண்டு ஆள் தூக்கும் இயந்திரத்தை ஒற்றைக் கையால் நகர்த்துகிறவன் இங்கே விரல் நுனியை மட்டுமே வைத்தான். ஒரு நாக்கு மடிய மறுத்தபோது அவன் கை தானாக முன்னே போயிற்று.

"அப்பா, கையை எடு."

"இந்த ஒண்ணே ஒண்ணு மட்டும்..."

"இது என் ரோடு. எடு."

எடுத்தான். அந்த ஒரு நாக்கை மடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, அழுதுகொண்டே மடித்தாள், மடித்து முடித்தாள். க்ரோவா சிலுவைக் குறி போட்டுவிட்டுக் கொழுப்பில் இறக்கினாள், திருப்பினாள், எடுத்தாள், குழந்தையின் கன்னத்தைத் தொடும் அளவுக்கு மெதுவாக அழுத்தினாள். மணி இரண்டு பத்து ஆனபோது மலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை திறந்தது. ஒரு வளைவுகூட வரைபடத்தில் உள்ளதுபோல் இல்லை. தோர்கெல் வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் மதியம் அவன் திரும்பி வந்தபோது வண்டியில் இரண்டு மூட்டைத் தபாலும், ஒரு பெட்டி ஆப்பிளும், ராக்னாவும், கூடையில் பதினெட்டு நாள் ஆண்பிள்ளையும் இருந்தார்கள். பிர்னா அம்மாவின் பாவாடையைப் பற்றிக்கொண்டாள், மாலைவரை விடவில்லை. கூடைப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. தம்பியைப் பாரேன் என்று ராக்னா மூன்று முறை சொன்னாள், மூன்று முறையும் பிர்னா சன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு ஒருமுறை போன அம்மா, வழி திறந்து கிடந்தால் இன்னொரு முறையும் போவாள் என்பது பிர்னாவின் கணக்கு.

இருபத்துநான்காம் தேதி பிற்பகல் ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கோல்பெய்ன் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ரொட்டியைச் சாப்பிடாமல் தகர டப்பாவில் போட்டு மாதா கோவிலில் வைத்தால் பிப்ரவரிவரை மலை திறந்தே இருக்கும், டாக்டர் வருவார், தபால் வரும், மீன் போகும். அந்த மலையால் வருடத்தில் மூன்று மாதம் அடைபட்டுக் கிடக்கும் ஊர் இது. கோல்பெய்ன் ராக்னாவைப் பார்த்தான், ராக்னா மகளைப் பார்த்தாள்.

"மாட்டேன். அது அம்மா சாப்பிடறதுக்குப் பண்ணினது," என்றாள் பிர்னா.

"பாதியாவது வச்சுக்கலாமே," என்று அவர்களோடு வந்திருந்த தோர்கெல் கெஞ்சினான்.

"பாதி ரோடு வச்சு நீ எங்க போவ?"

பிள்ளை கேட்டது சரிதானே என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து நின்ற க்ரோவா அதட்டியதும் ஏழு தொப்பிகளும் தலைக்கு ஏறின.

ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்தது. புகையூட்டிய ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் அந்த ஒற்றை இலை ரொட்டியைத் தட்டில் வைத்தார்கள். ராக்னா வெண்ணெய் தடவினாள், முதல் வளைவை உடைத்து வாயில் போட்டாள். தெற்கே பனி ஒரு மடிப்பு சாய்ந்த சத்தம் கேட்டது. பிர்னா தன் தட்டைத் தொடாமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்னாவுக்குப் புரிந்துவிட்டது. யாருக்கும் ஒரு துண்டுகூடக் கொடுக்காமல், கண்ணில் நீர் வழிய வழிய, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் முழுவதையும் அவளே தின்றாள். கடைசி வாய் இறங்கியதும் மலை மூடிக்கொண்டது.

"இனிமே யாரும் போக முடியாது, இல்ல?" என்று பிர்னா கேட்டாள்.

"முடியாது," என்றாள் ராக்னா.

பிர்னா நாற்காலியிலிருந்து இறங்கி, கூடையின் அருகே போய், குனிந்து தம்பியை நெடுநேரம் பார்த்தாள். "இவனுக்குப் பல்லே இல்லையே," என்று வருத்தத்தோடு சொன்னாள்.

புத்தாண்டுக்கு முன் கம்பி சரியாகி, நகரத்துச் சாலை அலுவலகத்திலிருந்து தோர்கெலுக்குத் தொலைபேசி வந்தது. இருபத்துநான்காம் தேதி மாலை ஆறு மணிக்குமேல் பாதை மூடியதற்குக் காரணம் கேட்டார்கள். சாப்பிட்டாகிவிட்டது என்றான். அந்தப் பக்கத்து எழுத்தர் சரி என்று எழுதிக்கொண்டு, மெதுவாக, எப்படி இருந்தது என்று விசாரித்தார்.

"எனக்குக் குடுக்கல," என்றான் தோர்கெல்.